மருத்துவமனைக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றுவது: டர்பன் பக்கத்து ரெக்கார்ட் ரூம்களுக்கு ஒரு கையேடு

ஸ்கேனர் வாங்குவதில் தொடங்கும் ரெக்கார்ட் ரூம் பெரும்பாலும் பாதியில் நிற்கும். ஆறு மாதம் போனால் சர்வர் நிறையப் படங்கள் இருக்கும். கவுன்டரில் வந்து நிற்கும் நோயாளியின் கோப்பு மட்டும் கிடைக்காது. காகிதத்தைப் படம் பிடிப்பது எளிது. அந்தப் படம் யாருடையது, என்ன தாள், எந்தத் தேதி என்று பத்து வருடம் கழித்தும் தயங்காமல் சொல்ல வேண்டுமே, வேலை அதில்தான் இருக்கிறது. ஆகவே எதை வைத்திருக்க வேண்டும், யார் யாருடையது என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரும் சர்வரும் அதற்குப் பிறகு.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரையொட்டிய சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் பக்கம் உள்ள சிறிய தனியார் மருத்துவமனைகள், அறக்கட்டளை கிளினிக்குகள், முதியோர் இல்லங்களுக்காக இதை எழுதுகிறோம். மாகாண அரசு மருத்துவமனைக்கு விதி மாறும் இடத்தை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறோம்.

எதை வைப்பது, எதை ஸ்கேன் செய்யாமலே விடுவது

தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில் கவுன்சிலின் வழிகாட்டுதல் இந்தக் கால அளவுகளைச் சொல்கிறது. பொதுவான கோப்பு: நோயாளி வருவது நின்ற நாளிலிருந்து குறைந்தது 6 வருடம். சிறுவர் கோப்பும் பிரசவக் கோப்பும்: பிள்ளைக்கு 21 வயது நிறையும் வரை. 18 வயதான பிறகு வழக்குப் போட 3 வருட அவகாசம் உண்டு என்பதே இதற்குக் காரணம். மனநலக் குறைபாட்டால் தானாக முடிவெடுக்க இயலாதவரின் கோப்பு: அவர் ஆயுள் முழுவதும். வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் சிகிச்சைப் பதிவுகளுக்கு 20 வருடம். கல்நார் தூசி போல் மெதுவாக நோயைக் காட்டும் பொருளோடு பழகியவர் என்றால் குறைந்தது 25 வருடம் வைத்திருக்கக் கவுன்சில் பரிந்துரைக்கிறது. கல்நாருக்கான தனி விதிமுறைகள் அதைவிடவும் நீண்ட காலம் கேட்கின்றன.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகே பட்ஜெட் போடுங்கள். 40,000 கோப்பு, ஒரு கோப்புக்குச் சராசரி 60 பக்கம் என்று வைத்துக்கொண்டால் 24 லட்சம் பக்கம். இரண்டு ஸ்கேனர், ஒவ்வொன்றிலும் நாளைக்கு 6,000 பக்கம் நல்லபடியாக முடிகிறது என்றாலும் 200 வேலை நாள் ஆகும். நிமிடத்துக்கு 60 பக்கம் என்று விற்பனையாளர் சொல்லும் வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பின் எடுப்பது, மடிப்பு நீவுவது, ஒட்டியதைப் பிரிப்பது, சரிபார்ப்பது இவைதான் நாளைத் தின்னும்.

ஆறு வருடம் தாண்டி, மேலே சொன்ன விதிவிலக்கு எதிலும் சேராத கோப்பை ஸ்கேன் செய்வது வீண் செலவு. அதை அழிக்கும் பட்டியலுக்கு அனுப்புங்கள். மிச்சத்தை மூன்றாகப் பிரிக்கலாம். தொடங்கும் நாளிலிருந்து உருவாகும் தாள்கள் அன்றன்றே ஸ்கேன் ஆக வேண்டும். பழைய நோயாளி திரும்ப வரும்போது அவர் கோப்பு முழுவதும் அந்த வாரத்திலேயே ஏற வேண்டும். மற்ற நடப்புக் கோப்புகள் ஓய்வு நேரத்தில் அலமாரி வரிசைப்படி. இந்த முறையில் போனால், அடிக்கடி தேவைப்படும் கோப்புகள் முதல் வருடத்திலேயே பெரும்பாலும் கணினிக்குள் வந்துவிடும்.

யார் யார்: பெயர் அட்டவணை

இந்த ஊரில் மிகக் கடினமான வேலை இதுதான். 1860 நவம்பரில் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து தமிழ், தெலுங்குப் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவந்தார்கள். கவுண்டர் என்ற ஒரே பெயர் ஒரு வீட்டில் கவெண்டர், அடுத்த வீட்டில் கௌண்டன். முதலியார் மூட்லி ஆனார். பல குடும்பங்களில் தாத்தாவின் சொந்தப் பெயரே இன்று குடும்பப் பெயர். நாயுடு, பிள்ளை, ரெட்டி, படையாச்சி என்று தேடினால் திரை நிரம்பி வழியும். போதாததற்கு வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று. கவுன்டரில் "உங்க பேர் என்ன ஆன்டி?" என்று கேட்டால் வீட்டுப் பெயர்தான் வரும். "ஐடி கார்ட்ல என்ன பேர் போட்டிருக்கு ஆன்டி, கார்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்கப் பழக்குங்கள். கூப்பிடும் பெயரையும் தனிக் கட்டத்தில் எழுதி வையுங்கள். தொலைபேசியில் மகள் கேட்கும்போது அதுதான் உதவும்.

அடையாளத்துக்கு முதல் ஆதாரம் 13 இலக்க ஐடி எண். முதல் ஆறு இலக்கம் பிறந்த வருடம், மாதம், நாள். அடுத்த நான்கு பாலினத்தைக் காட்டும்: 5000-க்குக் கீழே பெண், 5000 முதல் ஆண். பதினோராவது இலக்கம் குடியுரிமை நிலை. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. வலது கோடியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது, ஆறாவது என ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டியுங்கள். 9-ஐத் தாண்டினால் 9 கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். பதிவுத் திரையில் இந்தச் சோதனையைப் போட்டுவிட்டால், ஒரு இலக்கம் தவறினாலும் உடனே பிடிபடும்.

மூன்று பொறிகள் இதில் உண்டு. ஒன்று, எக்செல். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். எண்ணாக உள்ளிட்டால் முன்பூஜ்யம் பறந்துவிடும். மற்றவர்களின் எண்ணும் கட்டத்தில் அறிவியல் குறியீடாகச் சுருங்கித் தெரியும்; அதை அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் பின்னிலக்கங்கள் போனது போனதுதான். ஐடி கட்டத்தை எழுத்து வகையாக முதலிலேயே மாற்றிவிடுங்கள். இரண்டு, நூற்றாண்டு. வருடத்துக்கு இரண்டு இலக்கமே இருப்பதால் 25 என்பது 1925-ஆ 2025-ஆ என்று எண் சொல்லாது. முதியோர் இல்லத்தில் இது வேடிக்கையல்ல: நூறு வயதுப் பாட்டிக்குக் குழந்தைகளுக்கான மருந்தளவு எச்சரிக்கை வரும். பிறந்த தேதியை நான்கு இலக்க வருடத்தோடு தனியாக வையுங்கள். மூன்று, தேதி வரிசை. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் மாதமும் நாளும் இடம் மாறும். வருடம்-மாதம்-நாள் என்ற ஒரே வரிசையை எல்லா இடத்திலும் கட்டாயமாக்குங்கள்.

பிறந்த குழந்தைக்கு ஐடி எண் இருக்காது. தாயின் எண்ணோடு இணைத்து உடனே தனி நோயாளி எண் கொடுங்கள். இரட்டையர் என்றால் 1, 2 என்ற பிறப்பு வரிசையோடு. "நாயுடு குழந்தை" என்ற பெயரிலேயே தங்கிவிட்ட கோப்புகள் பல ரெக்கார்ட் ரூம்களில் கிடக்கின்றன. பிறப்புப் பதிவு முடிந்ததும் புதுப்பிக்க மாதம் ஒருமுறை பட்டியல் எடுங்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருந்தால் ஒன்றை அழிக்காதீர்கள். ஒன்றை முதன்மையாக்கி, மற்றதைப் பழைய எண்ணாக அதன் கீழே தொங்கவிடுங்கள். இணைக்கும் அதிகாரம் இரண்டே பேரிடம் இருக்கட்டும். பிறந்த தேதி, பாலினம், குடும்பப் பெயர் மூன்றும் ஒத்தாலும் ஐடி எண்ணோ முகவரியோ ஒத்துப்போகாமல் இணைக்கக் கூடாது. ஒரே நாளில் பிறந்த, பிள்ளை என்ற குடும்பப் பெயருள்ள இருவர் இங்கே அபூர்வமில்லை. தவறாக இணைத்ததைப் பிரிப்பது நரகம்: ஒருவரின் ரத்த வகை இன்னொருவர் பக்கத்தில் ஏறியிருக்கும்.

காகிதம் கிடக்கும் இடம்

ஸ்கேன் முடியும் வரை காகிதம் பிழைத்திருக்க வேண்டுமே. டர்பன் கடற்கரையின் கோடைக் காற்றில் ஈரப்பதம் அறைக்குள் எளிதாக 70 சதவீதத்தைத் தாண்டும். 65-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை பிடிக்கும். 18 முதல் 22 டிகிரி வெப்பம், 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் என்பது இலக்கு. ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டி, காலையும் மாலையும் எழுதி வையுங்கள். ஏசியை இரவில் அணைத்துக் காலையில் போடுவதும் கெடுதல். ஏறி இறங்கும் ஈரம்தான் தாளைச் சுருட்டும். சின்ன அறைக்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று தொடர்ந்து ஓடுவது போதும்.

அலமாரியின் கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தரைக்கடியில் உள்ள அறையை ரெக்கார்ட் ரூமுக்கு ஒதுக்க வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நனைந்துவிட்டால் பக்கங்களைப் பிரிக்க முயலாதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். கோப்பு கோப்பாகப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, எண் எழுதி, 48 மணி நேரத்துக்குள் உறைநிலைக் குளிர்பெட்டியில் வையுங்கள். உறைந்த தாள் மாதக்கணக்கில் காத்திருக்கும். பூஞ்சை பிடித்ததைத் தனி அறையில் முகக்கவசத்தோடு தூரிகையால் துடைத்த பின், தாளைக் கண்ணாடி மேல் கிடத்தி எடுக்கும் தட்டை ஸ்கேனரில் மட்டும் வையுங்கள். உருளை வழியாக இழுத்தால் அடுத்த ஆயிரம் தாளிலும் வித்து பரவும்.

தாளைத் தயார் செய்தல்

கோப்பைப் பிரித்ததும் முதல் வேலை தாளை எண்ணுவது. எண்ணிக்கையைத் தலைப்புத் தாளில் எழுதுங்கள். பின்பு பின், கிளிப், ரப்பர் பேண்டு எடுங்கள். செல்லோடேப் ஒட்டிய தாளை இழுத்துப் பிரிக்காமல் தட்டை ஸ்கேனருக்கு அனுப்புங்கள். மஞ்சள் ஒட்டுச்சீட்டைத் தனி வெள்ளைத் தாளில் ஒட்டி, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதுங்கள். ஒட்டுச்சீட்டோடு போனால் இயந்திரம் இரண்டு தாள் சேர்ந்து போவதாக நினைத்து நிற்கும். அந்த எச்சரிக்கை தொல்லை என்று உணரியையே அணைத்துவிடுபவர்கள் உண்டு. அன்றிலிருந்து பக்கம் காணாமல் போகத் தொடங்கும்.

ஒவ்வொரு கோப்புக்கும் பார்கோடு தலைப்புத் தாள் ஒன்று, உள்ளே தாள் வகைக்கு ஒரு பிரிப்புத் தாள். வகைகள் எட்டிலிருந்து பத்துக்குள் இருக்கட்டும்: சேர்க்கை, மருத்துவர் குறிப்பு, செவிலியர் குறிப்பு, மருந்துச் சீட்டு, ஆய்வக முடிவு, கதிர்ப்பட அறிக்கை, அறுவைச் சிகிச்சையும் சம்மதமும், பிரசவம், விடுப்புச் சுருக்கம், கடிதங்கள். நாற்பது வகை வைத்தால் களைத்த கை எல்லாவற்றையும் "இதர"-வில் தள்ளும். கையெழுத்துக் குறிப்பைக் கணினி வாசித்துத் தேடித் தரும் என்று நம்பி இதைத் தவிர்க்க வேண்டாம். டாக்டர் எழுத்தை மருந்தாளரே தடுமாறித்தான் படிக்கிறார்.

இசிஜி (இதயத்துடிப்புப் பதிவு), சிடிஜி (வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பையும் பிரசவ வலியையும் பதியும் நாடா) தாள்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். இவை வெப்பத்தால் அச்சாகும் தாள். வெயில், பிளாஸ்டிக் உறை, ஒட்டுநாடா எல்லாம் அச்சை மங்கச் செய்யும், கைச் சுத்திகரிப்பான் பட்டால் கறுத்துவிடும். அச்சான நாளிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பிரசவத்தில் மூளை பாதிப்பு என்று வரும் வழக்கில் முதலில் கேட்கப்படுவது சிடிஜி நாடா, அதுவும் பல வருடம் கழித்து. நிமிடத்துக்கு 1 செ.மீ. வேகத்தில் 8 மணி நேரம் ஓடினால் 4.8 மீட்டர் நீளம். ஸ்கேனரின் நீள்தாள் அமைப்புக்கு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் மடிப்புகளில் பிரித்து, ஒவ்வொரு துண்டும் முந்தையதோடு 3 செ.மீ. மேல்படியும்படி எடுங்கள். நேரமும் நோயாளி எண்ணும் ஒவ்வொரு துண்டிலும் தெரிய வேண்டும். ஸ்கேன் ஆனாலும் மூல நாடாவை எறியாதீர்கள்.

ஸ்கேனர் அமைப்பு

300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), 24 பிட் வண்ணம். இடம் மிச்சம் என்று கறுப்பு வெள்ளை எடுப்பது பொய்ச் சிக்கனம்: ஒவ்வாமை எழுதிய சிவப்பு மை, பென்சில் குறிப்பு, கார்பன் பிரதி மூன்றும் அதில் மறையும். ஏ4 வண்ணப் பக்கம் சுருக்காமல் 26 எம்பி. நியாயமாகச் சுருக்கினால் 500 கேபி அளவு. மேலே சொன்ன 24 லட்சம் பக்கமும் 1.2 டிபிதான். இன்றைக்கு அது ஒரே ஒரு வட்டில் அடங்கும்.

சேமிப்பு வடிவம் பிடிஎஃப்-ஏ. எழுத்துருவும் வண்ண விவரமும் கோப்புக்குள்ளேயே இருப்பதால் மென்பொருள் மாறினாலும் திறக்கும். கடவுச்சொல் பூட்டை அந்த வடிவம் ஏற்காது. பூட்டு சர்வரிலும் வட்டிலும் இருக்க வேண்டும். வெற்றுப் பக்கத்தைத் தானாக நீக்கும் வசதியை மிகக் குறைந்த அளவில் வையுங்கள், அல்லது நீக்காமல் அடையாளம் மட்டும் இடச் சொல்லுங்கள். மங்கலான பென்சில் வரி இயந்திரத்துக்கு வெற்றுப் பக்கம்தான். கோப்புப் பெயரில் நோயாளி எண், வகை, தேதி, வரிசை எண் மட்டும். நோயாளி பெயர் வேண்டாம்.

எக்ஸ்ரே ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துக் கைபேசியில் எடுத்த படம் நினைவுக்கு உதவும், நோயறிய உதவாது. அதற்கு ஃபிலிம் டிஜிட்டைசர் வேண்டும், வெளியீடு மருத்துவப் படங்களுக்கான டைகாம் வடிவில் இருக்க வேண்டும்.

சரிபார்ப்பை ஸ்கேன் செய்தவரே செய்யக் கூடாது. தலைப்புத் தாளில் எழுதிய எண்ணிக்கையும் படங்களும் ஒத்துப்போகின்றனவா என்று எல்லாக் கோப்பிலும் பாருங்கள். தெளிவையும் வகையையும் பத்தில் ஒரு கோப்பில் பார்த்தால் போதும். சம்மதப் படிவம், ஒவ்வாமைத் தாள், சிடிஜி மட்டும் ஒன்று விடாமல். ஒன்றாக ஸ்கேன் செய்த கட்டு ஒன்றில் ஒரு பக்கம் காணவில்லை என்றால் அந்தக் கட்டு முழுவதையும் மறுபடி எடுங்கள். காரணம் பெரும்பாலும் தேய்ந்த உருளை. அது ஒரு பக்கத்தோடு நிற்காது.

மின்சாரம், பேக்கப்

லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) 2024 மார்ச்சுக்குப் பின் பெரிதும் குறைந்திருக்கிறது. கேபிள் திருட்டும் சப் ஸ்டேஷன் கோளாறும் குறையவில்லை. சர்வரைக் கெடுப்பது மின்சாரம் போவதைவிட, போய் வந்து போய் வருவது. ஜெனரேட்டர் பிடிக்கும் வரை தாங்க யுபிஎஸ் தேவை. பேட்டரி 30 சதவீதத்துக்கு இறங்கியதும் சர்வர் தானாக ஒழுங்காக அணையும்படி அமையுங்கள். பேட்டரி டர்பன் வெக்கையில் மூன்று, நான்கு வருடத்தில் சோர்ந்துவிடும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். இதில் ஒரு பிரதியாவது வலையமைப்பிலிருந்து கழற்றி வைத்ததாக இருக்க வேண்டும். 2024 ஜூனில் தேசிய சுகாதார ஆய்வகச் சேவை மீது நடந்த ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும்) தாக்குதலில் பேக்கப் சர்வரில் இருந்தவையும் அழிக்கப்பட்டன. கம்பியில் தொங்கும் பேக்கப்பின் நிலை அதுதான். எல்டிஓ டேப் (காந்த நாடா) சிறிய இடத்துக்கு விலை அதிகம் என்றால், இரண்டு வெளிவட்டுகளை வாரம் மாற்றி வையுங்கள், குறியாக்கத்தோடு. எஸ்எஸ்டி வட்டை மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் பெட்டியில் வைக்காதீர்கள், தகவல் தானாகவே அழிந்துபோகும். சிடி-யில் வைப்பவர்களுக்குக் கவுன்சிலின் நிபந்தனை: ஒருமுறை மட்டும் எழுதும் வகை, குறியாக்கமும் கடவுச்சொல்லும், வேறிடத்தில் ஒப்பிட ஒரு பிரதி.

ஒவ்வொரு கோப்புக்கும் ஸ்கேன் ஆன அன்றே எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையை (கோப்பில் சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் கணக்கீட்டு எண்) எடுத்து, படங்கள் இருக்கும் சர்வரில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20 கோப்பைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, பேக்கப்பிலிருந்து வேறொரு கணினியில் மீட்டு, தொகையை ஒப்பிட்டுத் திறந்து பாருங்கள். "பேக்கப் வெற்றி" என்ற பச்சைச் செய்தி மட்டும் எதற்கும் சாட்சியல்ல.

யார் பார்க்கலாம்

தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போபியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலாகிறது. நிர்வாக அபராதம் 1 கோடி ரேண்ட் வரை போகலாம். வெளி நிறுவனத்திடம் ஸ்கேன் வேலையைக் கொடுத்தால் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதில் இன்னொரு வரியும் சேருங்கள்: கேட்டால் எல்லாப் படங்களையும் பெயர் அட்டவணையோடு பொது வடிவில் திருப்பித் தர வேண்டும். அதை ஒப்பந்தம் முடியும்போது அல்ல, முதல் மாதமே கேட்டுச் சோதியுங்கள்.

சாட்ஸ்வர்த் போன்ற இடத்தில் எழுத்தர் தேடும் பெயரில் பாதி அவருக்குத் தெரிந்தவர்கள். பகிர்ந்த கடவுச்சொல் கூடாது. யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார் என்ற பதிவு அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும். தன் குடும்பப் பெயர் கொண்ட கோப்புகளைத் திறந்தவர் பட்டியலை மாதம் ஒருமுறை மேலாளர் பார்க்கட்டும். எச்ஐவி, மனநலம், கருக்கலைப்புக் குறிப்புகளுக்குத் தனிப் பூட்டு. அவசரத்தில் மருத்துவர் அதைத் திறக்கலாம், காரணம் எழுதி. நோயாளிக்கு 12 வயது நிறைந்திருந்தால் தன் பதிவின் நகலைத் தானே கேட்கலாம், மூலத்தைக் கொடுக்காதீர்கள்.

காகிதத்தை அழிப்பது

மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க 2002-ஆம் வருட மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் வழி செய்கிறது. படம் எடுத்த பின் மாறவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு உதவுவது எழுதி வைத்த செயல்முறை, யார் எப்போது ஸ்கேன் செய்தார் என்ற பதிவு, அந்தச் சரிபார்ப்புத் தொகை. ஸ்கேன் முடிந்து குறைந்தது 90 நாள், ஒரு மீட்புச் சோதனை வெற்றியாக முடியும் வரை, மூலத்தைத் தொடாதீர்கள். வழக்கோ புகாரோ வக்கீல் கடிதமோ வந்த கோப்பைத் தடைப் பட்டியலில் சேருங்கள். வயதானாலும் அது அழிப்புக்குப் போகாது. மாகாண அரசு மருத்துவமனையில் ஆவணக் காப்பகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு தாளையும் அழிக்க முடியாது, ஸ்கேன் ஆனதென்றாலும்.

அழிக்கும்போது குறுக்கு வெட்டுத் துண்டாக்கி வேண்டும், நீளப் பட்டையாக வெட்டுவது போதாது. வெளியாள் செய்தால் உங்கள் ஆள் ஒருவர் நின்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அழிப்புப் பதிவேட்டில் நோயாளி எண், கடைசிச் சிகிச்சைத் தேதி, எந்த விதிப்படி, யார் அனுமதித்தார், அழித்த நாள் ஆகியவற்றை எழுதுங்கள். அந்தப் பதிவேடு மட்டும் நிரந்தரமாக இருக்கும். பழைய பழுப்புக் கோப்புறைகளை மறுபடி பயன்படுத்தும் முன் அவற்றின் முகப்பில் உள்ள பெயரைக் கிழித்து அதே துண்டாக்கியில் போடுங்கள்.